ஒரு மடை நிலம்: மாறும் பருவமும் காவிரிப் பாசன நெல்லும்



நிலைத்த விவசாயம் என்னும் விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று இச்சபையார் கேட்டுக்கொண்டபோது, அது பூலோகம் முழுவதற்கும் உரிய விஷயம் என்பதை மறவாமலே, அதைக் காவிரிப் பாசனத்து நெல்வயலின் வரப்புக்குள் அடக்கிக்கொண்டு பேசுவதென்று தீர்மானித்தேன். சீதோஷ்ண மாறுதல் என்பது பத்திரிகையில் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி என்று அச்சாகும்போது எங்கோ துருவப் பிரதேசத்துச் சங்கதியாகத் தோன்றுகிறது. நம் பாட்டன்மார் நட்டு அறுத்த நிலத்துக்குள் அது எந்த வழியாக நுழைகிறது, எந்த மாதத்தில் நுழைகிறது என்று பார்க்கத் தொடங்கும்போதுதான் அதற்குப் பரிகாரம் தேட வேண்டுமென்ற புத்தி நமக்கு உண்டாகிறது.

இந்த வட்டாரத்தின் விவசாயப் பஞ்சாங்கம் மிகவும் திட்டமானது. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின், ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் தேதி மதகு திறப்பதென்றும், அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரியாகவும் வெண்ணாறாகவும் கல்லணைக் கால்வாயாகவும் பிரிந்து வாய்க்கால்களில் இறங்கியதும் குறுகிய வயதுள்ள குறுவையை விதைத்துப் புரட்டாசி, ஐப்பசிக்குள் அறுத்துவிட்டு அதே வயலில் தாளடி நடுவதென்றும், ஒருபோக நிலமானால் ஆடி, ஆவணியில் நாற்று விட்டு ஐந்து மாதச் சம்பாவைத் தையில் அறுப்பதென்றும், குடகில் பெய்கிற தென்மேற்குப் பருவமழையையும் நம் தலைமேலேயே பெய்கிற வடகிழக்குப் பருவமழையையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து அமைத்த ஏற்பாடு அது. மனிதன் வகுத்த பஞ்சாங்கத்துக்கு வானம் கட்டுப்பட வேண்டுமென்று சட்டமில்லை. ஆயினும் பல தலைமுறைக் காலம் ஏறத்தாழக் கட்டுப்பட்டே வந்தது.

அந்தக் கட்டு இப்போது அவிழ்ந்துவிட்டது. 2017இல் அக்டோபர் 2ஆம் தேதி வரையில் மேட்டூர் மதகு பாசனத்துக்குத் திறக்கப்படவில்லை. 2022இலோ, அணைக்கு நீர்வரத்து மிகுந்தபடியால், மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். இடையிலுள்ள வித்தியாசம் நான்கு மாதத்துக்கும் மேல். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்து, வளர்ந்த நாற்றைக்கூட நட முடியாமல் வயல் வெடித்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய கஜா புயல், தென்னையையும் கூரையையும் சாய்த்துவிட்டு ஒரே இரவில் கடைமடைப் பகுதியின் ஜீவனத்தையே சாய்த்தது. காவிரியில் கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்கு விடவேண்டிய நீர் 177.25 டி.எம்.சி. என்று 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த நீர் எந்த மாதத்தில் எந்த உருவத்தில் வந்து சேரும் என்பதை எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்ல இயலாது.

மழை குறைவதைக் காட்டிலும் மழை காலந்தப்பிப் பெய்வது கொடியது என்பது என் அபிப்பிராயம். 2021 ஜனவரியிலும், 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும், கதிர் முற்றி அறுவடைக்கு நின்ற சம்பாவின் மேலும் தாளடியின் மேலும் மழை பெய்தது. சாய்ந்து கிடந்த பயிரில் ஒரு கதிரைக் கையிலெடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கொடுமை தெரியும்: மணி உதிராமல், தாளில் இருந்தபடியே, உமியைப் பிளந்துகொண்டு வெள்ளை வெளேரென்று முளை எட்டிப் பார்க்கும். சேற்றில் டயர் போட்ட அறுவடை வண்டி இறங்காது; பெல்ட் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், அதன் வாடகையோ அதிகம். அப்படியும் அறுத்துக்கொண்டு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. களத்தில் படுதாவைப் போர்த்திக் குவித்த நெல், வெயில் வரும்போது விரித்தும் மேகம் கூடும்போது குவித்தும், நிறமும் எடையும் இழந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஈரப்பதத்தைத் தளர்த்தும்படி சென்னை தில்லிக்கு எழுதுவதும், தில்லியிலிருந்து பரீட்சிக்க ஆட்கள் வந்து போவதும், அதற்குள் பாதி நெல் வியாபாரியின் லாரியில் ஏறிவிடுவதும் ஒரு சடங்காகவே ஆகிவிட்டன. விதையையும் உரத்தையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம், நிலைத்த விவசாயத்தில் ஓர் உலர்த்தும் களத்துக்கும் அதன்மேல் ஒரு கூரைக்கும் உள்ள ஸ்தானத்தை அநேகமாகப் பேசுவதே இல்லை.

உஷ்ணத்தின் வேலை இவ்வளவு வெளிப்படையானதன்று. நெற்பயிர் பூப்பது காலை நேரத்தில். அந்த ஓரிரண்டு மணி நேரத்தில் வெயில் 35 டிகிரிக்கு மேல் ஏறினால் மகரந்தம் பழுதுபட்டுப் பதராகும். இரவு உஷ்ணம் அதைவிட மறைவானது. பிலிப்பைன்ஸ் தேசத்து லாஸ் பானோஸ் நகரில் 1960இல் ஏற்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், தங்கள் பண்ணையில் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுக் காலம் குறித்துவைத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து 2004இல் வெளியிட்ட முடிவு ஒன்றுண்டு: கோடைப் போகத்தில் இரவின் குறைந்தபட்ச உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் நெல் விளைச்சல் 10 சதவீதம் இறங்குகிறது. பகலெல்லாம் சூரியனிடமிருந்து சேர்த்ததைப் பயிர் புழுக்கமான இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

இதுவரை சொன்னவை நெல் அனுபவிக்கும் கஷ்டங்கள். நெல்லும் இந்த வழக்கில் ஒரு கட்சிக்காரர்தான் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தும்போது மண்ணுக்குள் பிராணவாயு போவது தடைப்படுகிறது. காற்றில்லாத அந்தச் சேற்றில், பழைய தாளையும் வேரின் கசிவையும் தின்று வாழும் நுண்ணுயிர்கள் மீதேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. நீருக்குள்ளிருக்கும் வேருக்குக் காற்று கொண்டுபோகவென்று நெற்பயிரின் தாளில் இயற்கை அமைத்த துவாரங்களே, அந்த மீதேன் மேலேறி வெளியேறுவதற்குப் புகைபோக்கியாகவும் அமைந்துவிடுகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு உஷ்ணத்தைப் பிடித்து வைக்கும் இந்த வாயுவில், மனிதர் காரியங்களால் உலகில் உண்டாகும் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு நெல்வயல்களிலிருந்து வருகிறது. மோட்டார் வண்டியும் நிலக்கரி உலையும் செய்கிற காரியத்துக்கு முன்னே ஏழைக் குடியானவனின் வயலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அழகல்ல என்று சொல்வோர் சொல்வது முழுக்க நியாயம். ஆனால் மீதேன் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டில் அழிந்துபோகிற வாயுவாகையால், அதைக் குறைத்தால் அதன் பயனை நாமே நம் ஆயுளில் காணலாம். அதைக் குறைக்கிற வழியோ தண்ணீரையும் மிச்சப்படுத்துகிற வழி. ஆகவே நியாய அநியாயத்தை மாநாடுகளில் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டிருக்க, நாம் வயலுக்குப் போவோம்.

அந்த வழி மிக எளிது. முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பி.வி.சி. குழாயை எடுத்து, அதன் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, துளையுள்ள பாதி மண்ணுக்குள் இறங்கும்படி வயலோரத்தில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை வாரி எறிந்துவிட்டால், நிலத்துக்கடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது குனிந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். மேல் மண் காய்ந்து மயிரிழை வெடிப்புக் கண்டாலும், குழாய்க்குள் நீர் பதினைந்து சென்டிமீட்டர் இறங்கும் வரையில் பயிருக்கு ஒரு குறையுமில்லை. அதன்பின் பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடலாகாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது என்று நம் கிராமத்தார் சொல்வதும் இதைத்தான். இப்படிச் செய்தால் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குவரை மிச்சமாகக் கூடுமென்றும், மீதேன் பாதியளவு குறையக் கூடுமென்றும் பல தேசத்துப் பரீட்சைகள் காட்டியிருக்கின்றன.

இதே தத்துவத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது, நம்மவர் செம்மை நெல் சாகுபடி என்றும் திருந்திய நெல் சாகுபடி என்றும் வழங்கும் முறை. 1961இல் மடகாஸ்கர் தீவுக்குப் போன ஹென்றி டி லோலானியே என்னும் பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார், அந்நாட்டு விவசாயிகளின் வயல்களைப் பல ஆண்டுகள் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்து, 1983இல் மழை தாமதமானதால் பதினைந்தே நாளான இளநாற்றைப் பிடுங்கி நட நேர்ந்தபோது, அது முற்றின நாற்றைவிட அதிகமாகத் தூர் கட்டுவதைக் கண்டு வகுத்த முறை அது. இதில் எனக்கு வியப்பாயிருக்கிற விஷயம் வேறு: சென்னை மாகாணத்து விவசாய இலாகா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒற்றை நாற்று நடவைத் தஞ்சை ஜில்லாவில் பிரசாரம் செய்திருக்கிறது. நம் சொந்த மண்ணில் நட்டுப் பார்த்து மறந்துபோன ஒன்றை, நாம் ஒரு மடகாஸ்கர் பாதிரியார் மூலமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

பாய் நாற்றங்காலில் வளர்ந்த பதினாலு நாள் நாற்று, விதையின் உமி வேரோடு ஒட்டியிருக்கும்படியாக, உள்ளங்கையில் அடங்குகிற அளவாயிருக்கும். அதைக் குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒன்றாக நட்ட வயலைப் பார்த்தால், முதல் பதினைந்து நாளைக்கு அங்கே ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். நடவுப் பெண்கள் சிரிப்பார்கள், பக்கத்து வயல்காரர் பரிதாபப்படுவார். பிறகு கோனோவீடர் என்னும் களைக் கருவியை இருபக்கமும் உருட்டிக் களையை மண்ணுக்குள் அமுக்கி மண்ணைக் கிளறக் கிளற, ஒரு குத்து முப்பது, நாற்பது தூர் வெடித்து வயலை மூடும். ஏக்கருக்கு இருபத்தைந்து, முப்பது கிலோ விதை போட்ட இடத்தில் இரண்டு, மூன்று கிலோ போதும். விளைச்சல் எவ்வளவு கூடும் என்பதில் விஞ்ஞானிகளிடையே தர்க்கம் ஓய்ந்தபாடில்லை. விதையும் நீரும் மிச்சமாவதில் தர்க்கம் அதிகமில்லை.

இங்கே இயற்கை விவசாயப் பற்றாளர்களுக்கு ரசிக்காத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தக்கைப்பூண்டையோ வைக்கோலையோ பச்சையாகச் சேற்றில் மிதித்து, அதன்மேல் ஓயாமல் நீரைக் கட்டி வைத்தால், மண் வளம் பெறும் என்பது வாஸ்தவமானாலும் மீதேன் கூடுவதும் வாஸ்தவம். மறுபுறம், வயலைக் காயவிட்டுப் பாய்ச்சுகிறவர், பழைய தாராளத்தோடு யூரியாவை வாரி இறைத்தால், நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் மற்றொரு வாயு கிளம்பும். அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலியது. ஆகையால் தழை உரத்தை மக்கவைத்தோ நீர் கட்டுவதற்குச் சில வாரம் முந்தியோ மண்ணில் சேர்ப்பதும், பயிரின் இலையை இலை வண்ண அட்டையோடு ஒத்துப் பார்த்து வெளுத்தபோது மட்டும் தழைச்சத்து இடுவதும், நீர் நிர்வாகத்தோடு சேர்ந்தே நடக்க வேண்டிய காரியங்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பக்தி செய்வது விவசாயத்துக்கு உதவாது.

அந்தப் பக்தியின் விளைவை மிக அருகிலேயே பார்த்தோம். 2021ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம், தேசம் முழுவதையும் ஒரே போகத்தில் சேதன விவசாயத்துக்கு மாற்றிவிடுவதென்று ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. மண்ணை அதற்குத் தயார் செய்யவும், மாற்று எருவைத் திரட்டவும், குடியானவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் அவகாசமில்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன. அரிசியில் தன்னிறைவுக்கு அருகிலிருந்த தீவு வெளிநாட்டு அரிசியை வாங்க நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பருக்குள் தடை விலகியது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயல் வைத்திருந்தவர்கள் பட்ட நஷ்டம் தடையோடு விலகவில்லை. ரசாயன உரத்தைக் குறைப்பது சரியான திசைதான். ஓர் அரசாணையின் மூலம் ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய ஊர் அதுவன்று.

அந்தத் திசையை நமக்கு முதலில் காட்டியவர்களுள் ஒருவர் இந்த ஜில்லாவில் பிறந்தவர் என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1945இல் வெளிவந்த தமது நூலில், சுரங்கத்திலிருந்து எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகிற பொருள்களின்மேல் கட்டுகிற வாழ்வு ஒன்றையும், ஆண்டுதோறும் சூரியனும் மழையும் புதுப்பித்துத் தருகிற பொருள்களின்மேல் கட்டுகிற வாழ்வு ஒன்றையும் பிரித்துக் காட்டி, பின்னதே நிலைக்கும் என்றார். அவர் எழுதிய பதினைந்து ஆண்டுகளுக்குள் தஞ்சை ஜில்லா தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது; அதைத் தொடர்ந்து ஆடுதுறை 27 போன்ற ரகங்களும் உர மூட்டைகளும் வந்து இறங்கின. பஞ்சத்தின் பயமும் தீர்ந்தது. அந்த நன்மையை மறுப்பவர் 1960களின் ரேஷன் வரிசையை அறியாதவர். அதே வேளையில், புதிய ரகங்களின் வெற்றிக்கு முக்கிய காரணமாயிருந்த கும்பகோணத்துக்காரர் எம். எஸ். சுவாமிநாதனே, 1968 ஜனவரியில் காசியில் கூடிய விஞ்ஞான மாநாட்டில், மண்ணையும் நிலத்தடி நீரையும் சுரண்டுகிற விவசாயமாக இது மாறினால் ஆபத்து என்று எச்சரித்தார். வெற்றியின் முதல் வருஷங்களிலேயே அதன் கேட்டை எடுத்துரைக்க மிகுந்த நேர்மை வேண்டும். எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளும் நேர்மை மற்றவர்களுக்கு இல்லாமற்போயிற்று.

விதையைப் பற்றிப் பேசுவோர் இரு கட்சியாகப் பிரிந்து, பழைய ரகமா புதிய ரகமா என்று வழக்காடுவது எனக்கு அர்த்தமில்லாததாகத் தோன்றுகிறது. வெள்ளத்தை நெல் இரண்டு விதமாகச் சமாளிக்கிறது. நம் மடுமுழுங்கியும் காட்டுயானமும், தண்ணீர் ஏற ஏறத் தாமும் நீண்டு வளர்ந்து தலையை வெளியே நீட்டிக்கொள்ளும் ஜாதி. மாதக்கணக்கில் நீர் தேங்கும் பள்ளக்காலுக்கு அது சரியான உபாயம். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் மூழ்கடித்துவிட்டு வடிகிற வெள்ளத்தில் அப்படி நீளுகிற பயிர், நீர் வடிந்ததும் நிற்க வலுவின்றிச் சாயும். ஒடிசா மாநிலத்துக் குடியானவர்கள் வழிவழியாகப் பயிரிட்ட ஓர் உள்ளூர் நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எப்.ஆர். 13ஏ என்னும் ரகம் வேறு உபாயம் கற்றது: மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, இருக்கிற சத்தைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடந்து, இரண்டு வாரம் கழித்து நீர் வடிந்தபின் மறுபடி துளிர்க்கும். சோற்றுக்கு உகந்த நெல்லன்று, விளைச்சலும் சொற்பம். அந்த அடக்கத்துக்குக் காரணமான மரபணு இன்னதென்று 2006இல் கண்டறிந்து, அதைச் சாதாரண ஒட்டுச் சேர்க்கையின் மூலமாகவே பல ரகங்களில் ஏற்றினார்கள். 2009இல் சுவர்ணா சப்-1 வெளிவந்தது. நம் ஜில்லாக்களில் பொன்மணி என்று வழங்குகிற சி.ஆர். 1009 என்னும் நீண்டகாலச் சம்பா ரகத்திலும் அதே குணம் ஏறி, சி.ஆர். 1009 சப்-1 என்ற பெயரில் தாழ்ந்த வயல்களில் இன்று பயிராகிறது. இதில் எங்கே பழமை முடிந்து எங்கே விஞ்ஞானம் தொடங்குகிறது என்று பிரிக்க முடியுமானால் பிரித்துக் காட்டட்டும்.

பழைய விதை ஒரு பண்டசாலை. அதில் என்ன இருக்கிறதென்று தெரிவதற்குமுன் அதை இழக்கலாகாது. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் நடத்திய பயணங்களில் உடன் நடந்த கட்டிமேடு ஜெயராமன், திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையின்பேரில் மாப்பிள்ளைச் சம்பாவையும் பூங்காரையும் குழியடிச்சானையும் கவுனியையும் ஆயிரக்கணக்கான வயல்களுக்குத் திரும்பவும் அனுப்பினார். அவர் சேகரித்த ரகங்கள் 174. கஜா புயலுக்கு மூன்று வாரம் கழித்து, 2018 டிசம்பர் 6ஆம் தேதி அவர் காலமானார். அரசாங்க விதைப் பண்ணைகளும் சர்வகலாசாலையும் பல லட்சம் செலவில் செய்ய வேண்டிய காரியத்தைத் தனி மனிதர் ஒருவர் ஒரு சாக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு செய்தார் என்பது அவருக்குப் பெருமை, மற்றவர்களுக்குப் பெருமையன்று. கடலோரத்து உவர் நிலத்துக்குக் குழியடிச்சானைப் போட்டாலும் சரி, களர் நிலத்துக்கென்று திருச்சியில் உருவான திருச்சி 1, திருச்சி 3 ரகங்களைப் போட்டாலும் சரி, மண்ணைப் பார்த்து விதையைத் தேடுங்கள் என்பதே நான் சொல்வது.

மண்ணைப் பேணும் மற்றக் காரியங்களை விரித்துரைக்க நேரமில்லை. உங்களுக்குத் தெரியாதவையும் அல்ல. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னே ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்து, பனியிலேயே அதை விளைவித்துக்கொள்வது இந்த வட்டாரத்துக்கே உரிய சாமர்த்தியம். அறுவடை யந்திரத்தின் சக்கரம் அந்த முளைகளை மிதித்து நாசமாக்குவதால் அது குறைந்து வருகிறது. ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை கொண்டுவந்து போடுவது இன்னும் நிற்கவில்லை, நல்ல காலம். சிறுதானியங்களைப் பற்றி இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் ரேஷன் கடையில் கேழ்வரகு தருவது நல்ல ஆரம்பம். காவிரியின் களிமண்ணில் போய்க் கேழ்வரகு விதையுங்கள் என்று உபதேசிப்பவரோடு மட்டும் எனக்குச் சம்மதமில்லை.

இவ்வளவு நல்ல முறைகள் இருந்தும் ஏன் பரவவில்லை என்ற கேள்விக்கு, குடியானவன் அறிவில்லாதவன், பழக்கத்தை விடமாட்டான் என்று பதில் சொல்வது உத்தியோகஸ்தர்களின் வழக்கம். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. நம் பாசனம் வயலுக்கு வயல் பாய்கிற பாசனம். மடையில் இறங்குகிற தண்ணீர் மேல்வயலில் நிரம்பி, வரப்பின் வாய்மடை வழியாக அடுத்த வயலுக்குப் போய், அதிலிருந்து அதற்கடுத்ததற்குப் போய், பத்து இருபது பேர் நிலத்தைத் தாண்டித்தான் கடைசிக்காரரை அடைகிறது. மேல்வயல்காரர் தம் பயிரைக் காயவிட வேண்டுமென்று வாய்மடையை அடைத்தால் கீழ்வயல்காரர் சண்டைக்கு வருவார். கீழ்வயல்காரர் காயவிட நினைத்தாலும் மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டேயிருக்கும். போர்செட்டு வைத்திருப்பவர் தனியாகச் செய்யலாம். அவருக்கோ மின்சாரம் இலவசம், தண்ணீரை மிச்சப்படுத்துவதால் ஒரு காசும் மிச்சமில்லை. குத்தகைக்குச் சாகுபடி செய்பவரின் பெயர் எந்தச் சிட்டாவிலும் இல்லாதபடியால், இன்ஷூரன்ஸும் நிவாரணமும் நிலச் சொந்தக்காரரைத் தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகின்றன. அந்தக் குத்தகைக்காரரைப் போய்ப் புதிய முறையில் துணிந்து இறங்கும்படி எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே, மாறுகிற பருவத்துக்கு ஈடுகொடுக்கும் விவசாயத்தின் அலகு தனி வயலன்று, ஒரு மடை நிலம். விதைப்பதும் களையெடுப்பதும் அவரவர் வரப்புக்குள் நடக்கலாம். காயவிடுவதும், பாய்ச்சுவதும், வெள்ளத்தை வடிப்பதும், பூச்சி தங்காமல் ஒரே காலத்தில் நடவை முடிப்பதும் கூடித்தான் நடக்க முடியும். முன்காலத்தில் இதைக் குடிமராமத்து என்றும், நீர்க்கட்டி என்றும், முறைப்பாசனம் என்றும் கிராமங்கள் தாமே நடத்திவந்தன. அந்த வழக்கம் தளர்ந்ததைக் கண்டு ஆங்கிலேயர் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்து பார்த்தார்கள். கிராமத்துக்கு அதிகாரம் இல்லாத இடத்தில் கடமையை மட்டும் சட்டம் போட்டுக் கேட்டால் வராது என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று. பழைய ஏற்பாட்டில் ஜாதியும் அடிமைத்தனமும் கலந்திருந்ததை நான் மறக்கவில்லை. வரப்பில் நின்றவர் ஒருவர், சேற்றில் இறங்கியவர் வேறொருவர். அதை அப்படியே மீட்க வேண்டுமென்று சொல்பவன் நானல்லன். 2000ஆம் ஆண்டில் பாசன நிர்வாகத்தில் விவசாயிகள் பங்குபெறத் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் நிறைவேறிச் சங்கங்களும் ஏற்பட்டன. அவற்றுக்குத் தேர்தல் நடந்த அளவுக்குத் தண்ணீர்க் கணக்கு நடந்திருந்தால் இந்தச் சொற்பொழிவே அவசியமாயிருந்திராது.

வடிகாலைப் பற்றி ஒரு வார்த்தை. வாய்க்காலைத் தூர்வாருவதென்றால் மந்திரிகள் வந்து மண்வெட்டி பிடிக்கிறார்கள். வடிகாலைப் பார்க்க யாரும் வருவதில்லை. நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கிற வடிகாலில் ஐப்பசி வெள்ளம் இறங்க வழியின்றி, நாகப்பட்டினம் பக்கத்தில் கடலும் ஏற்றத்தின்போது எதிர்த்துத் தள்ள, இளம் பயிர் நாட்கணக்கில் மூழ்குகிறது. வடிந்து போக வழியில்லாத இடத்தில் சப்-1 விதையும் பதினைந்து நாளுக்குமேல் என்ன செய்யும்?

இந்தச் சபையில் இருப்பவர்களில் பலருக்குக் கிராமத்தில் நிலம் இருக்கிறது; சிலர் அறுவடைக்குக்கூடப் போவதில்லை என்பதும் நான் அறிந்ததே. வருகிற வைகாசியில், மேட்டூர்த் தண்ணீர் வருமுன், உங்கள் நிலத்துக்குப் பாய்கிற மடை எதுவோ அந்த மடையில் நிலமுள்ள அத்தனை பேரையும் ஒரு நாள் மாலை கூட்டுங்கள். இவ்வருஷம் எந்த வயதுள்ள ரகம், எந்த வாரத்தில் விதைப்பு, எந்தெந்த நாள் பாய்ச்சல், எந்த நாள் காய்ச்சல், வடிகாலை வெட்டுவதற்கு ஏக்கருக்கு எவ்வளவு பணம், உலர்த்தும் களத்துக்கு எந்தப் புறம்போக்கு என்று பேசி முடிவெடுத்து, அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முதல் வருஷம் எல்லாரும் ஒப்ப மாட்டார்கள். ஒப்புகிறவர்களின் வயல் அடுத்தடுத்து இருக்குமானால் அதுவே போதும், தொடங்கலாம். அந்தக் கூட்டத்தில் உங்கள் நிலத்தை உழுகிற குத்தகைக்காரரையும், களையெடுக்கிற பெண்களில் இருவரையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். முதலில் அவர்களைப் பேசச் சொல்லுங்கள்.